ஆண் பூனைக்கு மூத்திர அடைப்பு: எஸ்டிமேட்டில் எந்த வரியை வெட்டலாம், எதில் கை வைக்கக் கூடாது?

#1 மணல்டப்பா

தடுப்பூசி, கருத்தடை எல்லாம் தேதி தெரிந்த செலவு. மாதாமாதம் எடுத்து வைத்தால் சமாளித்துவிடலாம். பூனைக்காரர் வீட்டுக் கையிருப்பை ஒரே ராத்திரியில் துடைத்துவிட்டுப் போவது ஆண் பூனையின் மூத்திர அடைப்புதான். சென்னையில் ஓரளவு வசதியுள்ள தனியார் கிளினிக்கில், 4.5 கிலோ பூனைக்கு, மூன்று நாள் அட்மிஷனுக்கு எஸ்டிமேட் ஏறத்தாழ இப்படி இருக்கும். தொகை இடத்துக்கு இடம் கூடும் குறையும், வரிகள் பெரும்பாலும் இவைதான்.

அவசரக் கன்சல்டேஷன் – 1,000
சிபிசி (ரத்த அணு எண்ணிக்கை), யூரியா, கிரியேட்டினின் (சிறுநீரகச் சோதனை) – 1,600
எலக்ட்ரோலைட் (ரத்தத்தில் பொட்டாசியம் போன்ற உப்புகளின் அளவு) – 900
எக்ஸ்ரே, இரண்டு படம் – 1,400
வயிற்று ஸ்கேன் – 1,500
மயக்கம் கொடுத்துக் கதீட்டர் (மூத்திரப் பாதைக்குள் விடும் மெல்லிய குழாய்) போடுதல் – 4,500
அட்மிஷன், மூன்று நாள் – 6,000
டிரிப், ஊசி மருந்து – 3,000
யூரின் ரொட்டீன் – 400
யூரின் கல்ச்சர் (மூத்திரத்தில் கிருமி வளர்கிறதா என்ற சோதனை) – 1,200
ஆன்டிபயாடிக் – 900
யூரினரி உணவு, பெரிய பை – 2,400
மொத்தம் – 24,800

கையில் முழுத் தொகை இல்லாதவர் எந்த வரியைத் தள்ளிவைக்கச் சொல்லலாம்? எதைத் தள்ளினால் பூனை போய்விடும்? அனுபவக் கதைகள் வேண்டாம். காரணத்தோடு எழுதுங்கள்.

#2 இரவுப்பணி

கை வைக்கக் கூடாதவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எலக்ட்ரோலைட். மூத்திரம் வெளியேறாவிட்டால் பொட்டாசியத்துக்கும் வழி அடைபடுகிறது. முழு அடைப்பில் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உடம்பில் நஞ்சு ஏறிய அறிகுறிகள் தொடங்கும்: வாந்தி, சோர்வு, உடம்பு சில்லிடுதல். பூனையைக் கொல்வது அடைப்பு அல்ல, பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பு தடுமாறுவதுதான். பயந்துபோய் வந்திருக்கும் பூனைக்கு நிமிடத்துக்கு 180, 200 என்று துடிக்க வேண்டும். 140-க்குக் கீழே இருந்தால் பொட்டாசிய எண் வரும்வரை காத்திருக்காமல் சிகிச்சை தொடங்க வேண்டும். எலக்ட்ரோலைட் மெஷின் இல்லாத இடத்தில் ஈசிஜி போட்டாலே போதும், பாதி விஷயம் தெரிந்துவிடும். பி அலை மறைந்து, டி அலை கூடாரம் போல உயர்ந்திருக்கும்.

இதயத்தைக் காப்பது 10 சதவீதக் கால்சியம் குளுக்கோனேட். கிலோவுக்கு 0.5 முதல் 1 மி.லி., ஐந்து பத்து நிமிடத்தில் மெதுவாக, துடிப்பைப் பார்த்துக்கொண்டே ஏற்ற வேண்டும். 4.5 கிலோ பூனைக்கு 10 மி.லி. ஆம்பூலில் பாதிகூட ஆகாது. பொட்டாசியத்தை அது குறைக்காது. அரை மணி நேரம் அவகாசம் வாங்கிக் கொடுக்கும், அவ்வளவுதான். அதற்குள் அடைப்பை எடுத்தாக வேண்டும்.

மயக்க மருந்து. "பூனை சோர்ந்துதானே கிடக்கு, மயக்கம் இல்லாமலே போட்டுடலாம்" என்று செலவைக் குறைப்பவர்கள் உண்டு. ஆண்குறிப் பகுதியில் மூத்திரக் குழாய் மிகக் குறுகல். வலியில் தசை இறுக்கிக்கொண்டிருக்கும்போது கதீட்டரைத் தள்ளினால் குழாய் கிழியும். கிழிந்தால் அடுத்த பில் அறுவை சிகிச்சைக்கு.

அட்மிஷன் பற்றித் தனியாக எழுதுகிறேன்.

#3 கணக்குப்பிள்ளை

அப்போ ஆன்டிபயாடிக், கல்ச்சர் ரெண்டும் எதுக்கு சார்? எல்லா பில்லிலும் இருக்கே.

#4 இரவுப்பணி

பெரும்பாலான பூனைக்குத் தேவையில்லை. பத்து வயதுக்குக் கீழே உள்ள பூனையில் இந்தப் பிரச்சினைக்குக் கிருமி காரணமாக இருப்பது அபூர்வம். காரணம் பெரும்பாலும் மூத்திரப் பை அழற்சி. மன அழுத்தத்தோடு தொடர்புள்ளது, கிருமி இல்லாதது. அதில் சளியும் உதிர்ந்த உயிரணுக்களும் படிகமும் சேர்ந்து பற்பசை மாதிரி ஒரு அடைப்பான் உருவாகிறது. அடுத்த இடம் கல்லுக்கு. கதீட்டர் உள்ளே இருக்கும்போது "பாதுகாப்புக்காக" ஆன்டிபயாடிக் போட்டால், மருந்துக்கு அடங்காத கிருமியை நாமே வளர்த்துவிடுவோம். கதீட்டரை எடுத்த பிறகு காய்ச்சலோ, நாற்றமோ, தொடர்ந்து ரத்தமோ இருந்தால் அப்போது கல்ச்சர் எடுக்கலாம். வயதான பூனை, சர்க்கரை நோயுள்ள பூனை என்றால் கணக்கு வேறு.

#5 மருந்துச்சீட்டு

பிரசோசினையும் கேள்வி கேளுங்கள். குழாய்த் தசையைத் தளர்த்தும் என்று வீட்டுக்கு எழுதிக் கொடுப்பது வெகுநாள் வழக்கம். 388 பூனைகளின் பதிவுகளை வைத்து 2022-இல் வந்த ஆய்வில், பிரசோசின் வாங்கிய பூனைகளில்தான் மறு அடைப்பு அதிகமாக இருந்தது. மாத்திரை மலிவுதான். ஆனால் ரத்த அழுத்தத்தை இறக்கும், வாயில் நுரை தள்ளும், பூனையோடு தினமும் இரண்டு முறை மல்லுக்கட்ட வேண்டும். அந்த மல்லுக்கட்டே ஒரு மன அழுத்தம்.

வலி மருந்து விஷயத்தில் மட்டும் யாரும் சிக்கனம் பார்க்க வேண்டாம். சொந்தமாக எதையும் கொடுக்கவும் வேண்டாம். பாராசிட்டமாலைச் சிதைக்கும் வேதிப் பாதை பூனையின் கல்லீரலில் மிகக் குறைவு. ஒரு 500 மி.கி. மாத்திரை பூனையைக் கொல்லப் போதும். ஈறு சாக்லேட் நிறமாகும், முகம் வீங்கும். மெலாக்சிகாம் பூனைக்கு உள்ள மருந்துதான், ஆனால் சிறுநீரகம் அடிபட்டு நீர் வற்றியிருக்கும் அந்த நேரத்தில் கூடாது. கிளினிக்கில் பூடார்பனால் மாதிரி ஊசி போடுவார்கள், அந்த வரி பில்லில் இருக்கட்டும்.

#6 நெல்லைக்காரன்

எங்க பக்கம் நெலமை வேற. கால்நடை மருந்தகத்துல டாக்டர் நல்லவர், கைராசிக்காரர், ஆனா வர்றது பூரா மாடும் ஆடும். பூனைக்குப் போடுற 3.5 பிரெஞ்ச் (அது குழாய்த் தடிமன் அளவு) டாம்கேட் கதீட்டர் ஸ்டாக்குல இருக்காது. அதனால ஆண் பூனை வச்சிருக்கவங்க ரெண்டு கதீட்டர் வாங்கி வீட்டுல வச்சுக்கிடுங்க, ஸ்டெரைல் பேக், காலாவதித் தேதி பாத்து. நீங்க போடுறதுக்கு இல்ல, டாக்டர் கையில கொடுக்கிறதுக்கு. அந்த நேரத்துல ஊரெல்லாம் தேடுறது மிச்சம்.

திருநெல்வேலின்னா ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கே நேரா போயிரலாம். நாமக்கல், ஒரத்தநாடு கல்லூரிலயும் சின்னப் பிராணிகளுக்குத் தனிப் பிரிவு இருக்கு. 1962-க்குப் போன் போட்டா நடமாடும் வண்டி வரும்பாங்க, அது முக்கியமா கறவை மாட்டுக்கான ஏற்பாடு. அடைச்ச பூனையை வச்சுக்கிட்டு அதுக்குக் காத்திருக்க முடியாது.

#7 மருந்துச்சீட்டு

நெல்லைக்காரன் அண்ணாச்சி சொன்னதோடு ஒன்று. டாம்கேட் கதீட்டர் விறைப்பான பிளாஸ்டிக். அடைப்பைத் திறக்கத்தான் அது. அதையே இரண்டு நாள் உள்ளே தைத்து விட்டால் பையின் சுவரைக் குத்திக்கொண்டே இருக்கும். திறந்த பிறகு மெதுவான குழாய்க்கு மாற்ற வேண்டும். கிடைக்காத ஊரில் மருந்துக்கடையில் விற்கும் 5-ஆம் நம்பர் குழந்தை ஃபீடிங் ட்யூபைப் போடுவார்கள், விலை சொற்பம். ஆனால் 3.5 அளவு போட்ட பூனைகளைவிட 5 போட்டவற்றில் எடுத்தவுடன் மறுபடி அடைப்பது அதிகம் என்று ஆய்வு உண்டு. வேறு வழியில்லாதபோது மட்டும்.

கதீட்டர் வழியாக வடியும் மூத்திரத்தைச் சேகரிக்க ஸ்பெஷல் கிட் வாங்கச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லலாம். காலியான சலைன் பையையும் புது டிரிப் செட்டையும் சுத்தமாக இணைத்தால் அதே வேலை நடக்கும். மூடிய அமைப்பாக, பூனை மட்டத்துக்குக் கீழே இருக்க வேண்டும்.

#8 கணக்குப்பிள்ளை

டாக்டர், ஒரு சந்தேகம். பொட்டாசியம் ஏறியிருக்கிற பூனைக்கு ஆர்.எல். (ரிங்கர் லாக்டேட் டிரிப்) ஏற்றுகிறார்கள். அதிலேயே பொட்டாசியம் இருக்கிறதே? நார்மல் சலைன்தானே சரி?

#9 இரவுப்பணி

இந்தச் சண்டை பழசு. ஆர்.எல்.-இல் லிட்டருக்கு 4 மில்லி ஈக்குவலன்ட் பொட்டாசியம்தான். பூனையின் ரத்தத்தில் அது 8, 9 என்று நிற்கும்போது, 4 உள்ளதை ஏற்றினால் நீர்த்துத்தான் போகும். சலைன் அமிலத்தன்மையைக் கூட்டும், ஆர்.எல். குறைக்கும். அடைப்பு எடுபட்டால் இரண்டிலும் பொட்டாசியம் இறங்கும். எது கையில் இருக்கிறதோ அதைத் தொடங்குங்கள்.

இப்போது அட்மிஷன். எல்லோரும் வெட்ட நினைப்பது இந்த 6,000-ஐத்தான். அடைப்பைத் திறந்தவுடன் சிறுநீரகம் மடை திறந்த மாதிரி மூத்திரத்தைக் கொட்டும். சாதாரணமாக மணிக்குக் கிலோவுக்கு 1 முதல் 2 மி.லி. போகிற பூனை அதைப்போல் பல மடங்கு போகும். வெளியே போகிற அளவை நாலைந்து மணிக்கு ஒருமுறை அளந்து, அதற்கு ஈடாக டிரிப்பைக் கூட்ட வேண்டும். கூட்டாவிட்டால் காலையில் பூனை வற்றிப்போய்க் கிடக்கும். பிறகு பொட்டாசியம் எதிர்ப்பக்கமாக, தேவைக்கும் கீழே இறங்கும். வீட்டில் இதைச் செய்ய முடியாது.

எத்தனை நாள் என்பதை நாள்காட்டி தீர்மானிக்கக் கூடாது. மூத்திரம் மஞ்சளாகத் தெளிந்ததா, கிரியேட்டினின் இறங்கியதா, கொட்டுவது நின்றதா, பூனை சாப்பிடுகிறதா என்று பார்க்க வேண்டும். நேரத்தோடு வந்த பூனைக்கு இது 24 முதல் 36 மணி நேரத்தில் முடியும். இரண்டு நாள் அடைத்துக் கிடந்து வந்ததற்கு நான்கைந்து நாள். கதீட்டரை எடுத்த பிறகு ஒரு தடவையாவது தானாகப் போனதைப் பார்க்காமல் வீட்டுக்கு அனுப்பினால், அதே ராத்திரி திரும்பி வரும். முழு பில்லும் மறுபடி.

#10 மாடிப்பூனை

செலவை உண்மையில் தீர்மானிப்பது வீட்டில் வீணாகும் மணி நேரம். மணல் தட்டில் முக்கிக்கொண்டு உட்காருவதைப் பார்த்து "மலச்சிக்கல்" என்று முடிவு கட்டி விளக்கெண்ணெய் கொடுப்பார்கள். அங்கேயே ஒரு நாள் போய்விடும். அடைப்பு என்றால் தட்டுக்கும் வெளிக்குமாக அலையும், குறியை நக்கிக்கொண்டே இருக்கும், அடித்தொண்டையில் கத்தும், சொட்டு சொட்டாக வரும் அல்லது வரவே வராது. பின்வயிற்றை மெதுவாகத் தொட்டால் எலுமிச்சை, சில சமயம் ஆரஞ்சு அளவில் கெட்டியாக உருளும். அமுக்கிப் பார்க்காதீர்கள், பை வெடிக்கும்.

கட்டி பிடிக்கும் பென்டோனைட் மணல் வைத்தால் கணக்கு கண்ணுக்குத் தெரியும். நாளைக்கு 2 முதல் 4 கட்டி. பன்னிரண்டு மணி நேரத்தில் ஒன்றுகூட இல்லை, அல்லது நெல்லிக்காய் அளவில் பத்துப் பன்னிரண்டு இருக்கிறது, இரண்டுமே ஆபத்துதான்.

நம்ம ஊர்க் கைவைத்தியம் இந்த நோயில் நேர் எதிராக வேலை செய்யும். மனிதனுக்கு நீர்க்கடுப்பு என்றால் இளநீர், வாழைத்தண்டுச் சாறு. இரண்டிலும் பொட்டாசியம் தாராளம். பொட்டாசியத்தால் சாகக் கிடக்கும் பூனைக்கு அதையா ஊற்றுவது? நீர்க்கடுப்புக்கு மருந்துக்கடையில் தரும் சிட்ரேட் சிரப்பும் எதிராகத்தான் வேலை செய்யும். அது மூத்திரத்தைக் காரத்தன்மை ஆக்கும். ஸ்ட்ரூவைட் என்ற, கல்லாகவும் சேரும் படிகம் உருவாவதே கார மூத்திரத்தில்தான்.

#11 கணக்குப்பிள்ளை

அக்கா சொன்னது சரி. ஆனா பில் பக்கம் நான் விடுறதா இல்லை. ஸ்கேனும் எக்ஸ்ரேயும் ரெண்டுமே வேணுமா?

#12 இரவுப்பணி

முதல் நாள் பெரும்பாலும் ஒரு பக்கவாட்டு எக்ஸ்ரே போதும். பூனையில் அடிக்கடி வரும் ஸ்ட்ரூவைட், கால்சியம் ஆக்சலேட் இரண்டு கல்லும் எக்ஸ்ரேயில் தெரிபவை. ஒரே நிபந்தனை: படம் விலா எலும்பிலிருந்து வாலடி வரை முழுதாக வர வேண்டும், பின்னங்கால் எலும்பு குழாயை மறைக்கக் கூடாது. குழாயின் கடைசி இரண்டு சென்டிமீட்டரில் சிக்கிய கல்லை விட்டுவிட்டு எடுத்த படத்துக்குக் கொடுத்த காசு தண்டம். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லாமல் மறுபடி மறுபடி அடைத்தால் அப்போது ஸ்கேன்.

ரத்தத்தில் முதல் தடவை கிரியேட்டினின், யூரியா, எலக்ட்ரோலைட் போதும். இள வயதுப் பூனைக்கு சிபிசி காத்திருக்கும். மறுநாள் கிரியேட்டினினையும் பொட்டாசியத்தையும் மட்டும் திரும்பப் பாருங்கள், முழுப் பேனல் வேண்டாம்.

யூரின் ரொட்டீன் 400 ரூபாய்க்கு மதிப்புள்ளது, உடனே பார்த்தால். ஃப்ரிட்ஜில் வைத்து மறுநாள் வெளி லேபுக்கு அனுப்பினால் குளிரில் படிகம் தானாக உண்டாகும். உடம்பில் இல்லாத படிகத்துக்கு ஆறு மாதம் உணவு வாங்கிக்கொண்டிருப்பீர்கள். எடுத்த ஒரு மணி நேரத்துக்குள், அதே கிளினிக் மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொல்லுங்கள்.

#13 மணல்டப்பா

இதுவரை வந்ததை வைத்து: கல்ச்சர் 1,200, ஆன்டிபயாடிக் 900, ஸ்கேன் 1,500, இரண்டாவது எக்ஸ்ரே 700, சிபிசி பங்கு சுமார் 500. உணவில் பெரிய பைக்குப் பதில் 400 கிராம் பை எடுத்தால் 1,800 மிச்சம். மொத்தம் 6,600. எஸ்டிமேட் 18,200-க்கு வருகிறது. இதுவும் இல்லாதவருக்கு?

#14 இரவுப்பணி

கதீட்டர் இல்லாத முறை ஒன்று இருக்கிறது. 2010-இல் அமெரிக்கக் கால்நடை மருத்துவ இதழில் வந்தது. மயக்கமும் வலி மருந்தும் கொடுத்து, ஊசியால் வயிறு வழியாகப் பையை அவ்வப்போது வடித்து, தோலடியில் நீரேற்றி, இருட்டான அமைதியான அறையில் வைப்பார்கள். தசை தளர்ந்து அடைப்பு தானாக நகர வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. 15 பூனைகளில் 11-க்குப் பலித்தது. தோற்ற நான்கில் மூன்றுக்கு வயிற்றுக்குள் மூத்திரம் கசிந்தது, ஒன்றுக்கு ரத்தம். பொட்டாசியம் அதிகமாக ஏறிய பூனைக்கும், எக்ஸ்ரேயில் கல் தெரிகிற பூனைக்கும் இது பொருந்தாது.

நான் இதை முதல் தேர்வாகச் சொல்ல மாட்டேன். ஆனால் "பணமில்லை, வீட்டுக்கே கொண்டு போறோம்" என்ற முடிவுக்கு முன்னால் இதைக் கேட்டாக வேண்டும். அடைத்த பூனையை அப்படியே வீட்டுக்குக் கொண்டுபோவது இரண்டு மூன்று நாள் சித்திரவதை. சிகிச்சைக்கு எந்த வழியும் இல்லையென்றால் கருணைக்கொலையைப் பேசுவதுதான் நேர்மை.

சென்னையில் அந்தக் கட்டத்துக்கு முன்பே வேப்பேரி. சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையில் கட்டணம் தனியாரில் ஒரு சிறு பங்குதான். கூட்டம் இருக்கும். டோக்கன் வரிசையில் அமைதியாக நின்றால் வயிற்றுப்போக்குக் கேஸ் மாதிரி உங்கள் முறை வரும்வரை காத்திருப்பீர்கள். வாசலிலேயே "ஆண் பூனை, இத்தனை மணி நேரமா மூத்திரம் வரலை" என்று சொல்ல வேண்டும். சில மருந்துகளை வெளியே வாங்கி வரச் சொல்வார்கள், அதற்குக் கையில் பணம் இருக்கட்டும்.

#15 நெல்லைக்காரன்

இன்சூரன்ஸ் பத்தி யாரும் சொல்லலியே?

#16 கணக்குப்பிள்ளை

சொல்றேன். பாலிசியில மூணு இடத்தைப் படிங்க: காத்திருப்புக் காலம், ஏற்கனவே இருந்த நோய், வயசு வரம்பு. ஒருதரம் அடைச்ச பூனைக்கு அடுத்த அடைப்பு "ஏற்கனவே இருந்த நோய்" கணக்குல போய்டும். அதனால அடைச்ச பிறகு பாலிசி எடுக்கறது கல்யாணம் முடிஞ்சு ஜாதகம் பார்க்கற கதை.

இன்னொன்னு. கால்நடைக் கிளினிக்கின் சிகிச்சைச் சேவைக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு. கன்சல்டேஷன், கதீட்டர், அட்மிஷன் வரியில ஜிஎஸ்டி சேர்த்திருந்தா ஏன்னு கேளுங்க. உணவுப் பை, மணல் மாதிரி தனியா விக்கற பொருளுக்கு வரி உண்டு, அதுல சண்டை போடாதீங்க.

#17 மாடிப்பூனை

உணவு வரியைப் பற்றி. யூரினரி உணவு கரைப்பது ஸ்ட்ரூவைட்டை மட்டும். இரண்டு முதல் நான்கு வாரத்தில் எக்ஸ்ரேயில் சிறுத்திருக்க வேண்டும். சிறுக்கவில்லை என்றால் ஆக்சலேட்டாக இருக்கலாம், அதை எந்த உணவும் கரைக்காது, அறுத்துத்தான் எடுக்க வேண்டும். மாதக் கணக்கில் பை பையாக வாங்கிக்கொண்டிருப்பதைவிட அந்த ஒரு எக்ஸ்ரே மலிவு. இடையில் கருவாடு, பிஸ்கட் என்று கலந்து கொடுத்தால் கரைக்கும் கணக்கே குலைந்துவிடும்.

மருத்துவமனையிலேயே புது உணவை வாயில் திணிக்க வேண்டாம். குமட்டலோடு சேர்த்து ஞாபகம் வைத்துக்கொண்டு வாழ்நாளுக்கும் தொடாது. வீட்டுக்கு வந்து, பழைய உணவில் கலந்து ஏழு பத்து நாளில் மாற்றுங்கள். எதையுமே சாப்பிடாமல் இரண்டு மூன்று நாள் போனால், குறிப்பாகக் குண்டுப் பூனைக்கு, கல்லீரலில் கொழுப்பு படிந்து அது தனி நோயாகிவிடும்.

கல் இல்லாத, வெறும் அழற்சி வகைக்கு விலையுயர்ந்த உணவைவிடத் தண்ணீர் முக்கியம். உலர் உணவில் ஈரம் பத்து சதவீதத்துக்குள், ஈர உணவில் எண்பது பக்கம். 4 கிலோ பூனைக்கு உணவோடு சேர்த்து நாளைக்குச் சுமார் 200 மி.லி. நீர் உள்ளே போக வேண்டும். ஈர உணவுக்குக் காசு இல்லையா, ஒரு பங்கு உலர் உணவுக்கு இரண்டு பங்கு வெதுவெதுப்பான தண்ணீர், இருபது நிமிடம் ஊற வைத்துக் கொடுங்கள். நம் வெயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் தட்டில் கிடந்தால் கொட்டிவிடுங்கள். மணல் தட்டு பூனை எண்ணிக்கையைவிட ஒன்று கூடுதலாக, வெவ்வேறு மூலையில்.

#18 நெல்லைக்காரன்

கடைசியா ஒண்ணு டாக்டர். சின்ன வயசுலயே விதை எடுத்தா குழாய் வளராம குறுகிப் போயி அடைக்கும்னு சொல்லி, ஒரு வயசு வரைக்கும் தள்ளிப் போடுறாங்க. நிசமா?

#19 இரவுப்பணி

இல்லை. ஏழு வாரத்தில் எடுத்தது, ஏழு மாதத்தில் எடுத்தது, எடுக்காதது என்று மூன்று வகையிலும் குழாயின் விட்டத்தை அளந்து பார்த்திருக்கிறார்கள், வேறுபாடு இல்லை. அடைப்புக்குக் காரணம் எடை கூடுவதும், வீட்டுக்குள்ளேயே அசையாமல் கிடப்பதும், உலர் உணவை மட்டும் தின்பதும். நான்கு ஐந்து மாதத்தில் எடுத்துவிடுங்கள், எடுத்த வாரத்திலிருந்து உணவைக் கால் பங்கு குறையுங்கள். தள்ளிப்போட்டால் சுவரெல்லாம் மூத்திரம் அடிக்கும், சண்டைக் காயத்துக்குத் தனி பில் வரும்.